பொட்டு வைத்த லேப்டாப்

நான் தினமும் டைரி எழுதுகிறவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. வண்டிக்குப் பெட்ரோல் போட்டது, கேஸ் சிலிண்டர் மாற்றியது, எங்கள் அடையாறு தெருவில் மழைத் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எல்லாம் அதில் இருக்கும். ஆகவே அந்த ஆயுத பூஜை அன்று என்ன எழுதினேன் என்று எடுத்துப் பார்ப்பது சுலபம். "பூஜை மூன்று மணிக்கு. சுண்டல், பொரி, சாத்துக்குடி ஒன்று. பனகல் பார்க் பக்கம் நெரிசல். மழை இல்லை." அவ்வளவுதான். எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி அதில் இல்லை. அந்த வரியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். தி. நகரில் தலைமை அலுவலகம், மயிலாப்பூரிலும் அடையாறிலும் கிளைகள். மூன்று இடத்திலும் எடுக்கிற ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் தி. நகருக்கு வந்து சேரும். முடிவுகள் இங்கிருந்துதான் போகும். முன்பு எல்லா ரிப்போர்ட்டும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறையில், ஒரே சர்வரில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு டாக்டரம்மா, அதாவது எங்கள் முதலாளி, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றச் சொன்னார். மாற்றியது நான். கிளவுடு என்றால் பலரும் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். அது வேறெங்கோ ஒரு கட்டடத்தில் நாம் வாடகைக்கு எடுத்த அலமாரி. பூட்டு நம்முடையது, சாவி நம்முடையது. பூட்ட மறந்தால் அந்தத் தவறும் நம்முடையதுதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை இதை நான் வகுப்பாகவே எடுக்கிறேன்.

பூட்டு இப்படி. நோயாளியின் போனுக்கு ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் ஓடிபி கேட்கும். அந்த எண்ணைப் போட்டால் அவருடைய ரிப்போர்ட் மட்டும் திறக்கும். அலமாரியை நிர்வகிக்கும் வேலையை என் ஒரு லேப்டாப்பிலிருந்து மட்டுமே செய்ய முடியும். வீட்டிலிருந்தோ போனிலிருந்தோ முடியாது. பாதுகாப்புக்காக நானே எழுதிய விதி அது.

லிங்க் அனுப்புகிற வேலை ரிப்போர்ட் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுடையது. பி.காம். முடித்து நேராக எங்களிடம் வந்தவள். மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் குடியிருந்த குடும்பம். அங்கே வீடுகளை இடித்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அம்மா மட்டும் அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து, கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்து வந்தார். அவள் மதியம் சாப்பிடும்போது சொல்வாள். "எங்கம்மாவுக்கு அந்த நாலு வூடுதான் சார் ஊரு. பெரும்பாக்கத்துல பக்கத்து வூட்டு ஆளு யாருன்னு கேட்டா தெரியாது."

ஆயுத பூஜை அன்று மதியத்தோடு லேப் மூடிவிடும். பூஜைக்கு முன்னால் கையில் இருக்கிற எல்லா ரிப்போர்ட்டும் போய்விட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் வழக்கம். அன்று பார்த்து ஓடிபி யாருக்கும் போகவில்லை. அதை அனுப்பும் நிறுவனத்தில் ஏதோ கோளாறு. கவுன்ட்டரில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "லிங்க் வந்துச்சு, நம்பர் வரல" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு காதில் ஒரு போன், மறுகாதில் இன்னொரு போன் வைத்துக்கொண்டு என் கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

ஒன்று நாற்பதுக்கு நான் அலமாரியின் பூட்டையே எடுத்தேன். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று ஒரு தேர்வு உண்டு. அதை மொத்த அலமாரிக்கும் போட்டேன். ஓடிபி இல்லாமல் எல்லோருக்கும் ரிப்போர்ட் திறந்தது. அதன் ஆபத்து எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். ஒருவர் தன் லிங்க்கின் வால் பகுதியை அழித்துவிட்டுத் திறந்தால் அலமாரியில் உள்ள எல்லோருடைய பெயர்ப் பட்டியலும் வரும். எந்தப் பெயரைத் தொட்டாலும் திறக்கும். எல்லா லிங்க்கும் போனதும் பத்து நிமிடத்தில் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டரைக்கு ஒரு போன் வந்தது, பேசினேன். பேசி முடித்தபோது அவள் கதவருகே சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். தலையில் கனகாம்பரம்.

"சார், வேலை முடிஞ்சுதா? பொட்டு வச்சிரட்டுமா?"

"முடிஞ்சுது. வச்சிரும்மா."

லேப்டாப்பை மூடி அதன் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். மைக்ராஸ்கோப், ரத்தம் சுழற்றும் இயந்திரம், வேன் சாவி, கத்தரிக்கோல் எல்லாம் இருந்த வரிசையில் அதுவும் உட்கார்ந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்டபோதுதான் எனக்குப் பூட்டு ஞாபகம் வந்தது.

பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும் வரை எடுக்கக்கூடாது. யாரும் எடுப்பதில்லை. ஆனால் நான் அவ்வளவு சாஸ்திரம் பார்க்கிறவன் இல்லை. டாக்டரம்மாவிடம் போய், "ஒரு நிமிஷம் மேடம், ஒன்னு விட்டுப்போச்சு" என்று சொல்லியிருந்தால் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார். இருபது பேர் கற்பூரத்தட்டைச் சுற்றி நிற்கும்போது, எதையும் விடாதவன் என்று பெயர் எடுத்த நான் ஒன்றை விட்டுவிட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டேன். யார் போய் லிங்க்கின் வாலை அழித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை ஒன்பது ஐந்துக்கு, குங்குமத்தைத் துடைக்காமலே லேப்டாப்பைத் திறந்து பூட்டினேன். நாற்பத்து மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் திறந்து கிடந்திருக்கிறது.

அதையும் நான் டைரியில் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தி. நகர் அலுவலகத்துக்கு வந்தார். மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவில்லை. டாக்டரம்மாவின் அறையில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"எம்பொண்ணுக்கு சளி டெஸ்ட் உங்ககிட்டதான் குடுத்தோம். டிபின்னு வந்தது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னு சொல்லியிருக்கா. ஆத்துல நாங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போ கல்யாணம் நிச்சயம் பண்ணின பிள்ளையாத்துலேர்ந்து போன் பண்ணி, நீங்க மறைச்சுட்டேள்னு சொல்றா. எப்படித் தெரிஞ்சுது அவாளுக்கு?"

டாக்டரம்மா, "எங்க பக்கத்துலேர்ந்து போயிருக்காது சார்" என்றார்.

"ரிப்போர்ட் அனுப்பறது யாருன்னு விசாரிச்சேன். அந்தப் பொண்ணோட அம்மாதான் எங்காத்துல பாத்திரம் தேய்க்கறா. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சிஸ்டத்துல ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்றார்.

என் அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். யார், எந்த லிங்க் வழியாக, எத்தனை மணிக்கு, எதைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் தானாகப் பதிவாகும். தேடி எடுக்க இருபது நிமிடம் ஆனது. பூஜை அன்று மாலை ஏழு பன்னிரண்டுக்கு ஒருவர் தன் சர்க்கரை ரிப்போர்ட்டைத் திறந்திருக்கிறார். ஏழு பதினைந்துக்கு அதே போனிலிருந்து மொத்தப் பட்டியலும் திறக்கப்பட்டிருக்கிறது. ஏழு பதினாறுக்குப் பெரியவர் மகளின் சளி ரிப்போர்ட். நான்கு நிமிடம் திறந்திருந்தது. அந்த ஒருவரைத் தவிர நாற்பத்து மூன்று மணி நேரத்தில் வேறு யாரும் பட்டியலைத் தொடவில்லை. அந்த ஒருவரின் முகவரியைப் பார்த்தேன். பெரியவர் இருக்கும் அதே கட்டடம், அதே மாடி, எதிர் வீடு.

எழுந்து வெளியே வந்தபோது கவுன்ட்டர் பெண் தன் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் இருந்த சின்னக் கண்ணாடி, சீப்பு, ஒரு பிள்ளையார் படம் எல்லாம் அதற்குள் போயின. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. "நான் யாருகிட்டயும் சொல்லல சார்" என்று ஒரு தடவை சொன்னாள், வேலை சம்பந்தமாகத் தகவல் சொல்வதுபோல. நான் தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மா கேட்டார், "ஏதாவது தெரிஞ்சுதா?"

"வெளியாள் யாரும் சிஸ்டத்தை உடைச்சு உள்ள வரல மேடம்."

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. உடைக்க வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. பெரியவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை அந்த அம்மா வேலைக்குப் போனபோது அந்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் மற்ற மூன்று வீடுகளும் நிறுத்திவிட்டன. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் மயிலாப்பூர் கிளையைப் பெருக்குகிறவர். வாய் நீளம் என்று அந்தத் தெரு முழுக்கப் பேர் ஆகிவிட்டதாம்.

பதிவேடு தொண்ணூறு நாள்தான் இருக்கும். அதன் பிறகு தானாக அழிந்துவிடும். அதுவும் நான் வைத்த விதிதான். தேவையில்லாத தகவலை வைத்துக்கொண்டிருப்பதே ஆபத்து என்று வகுப்பில் சொல்வேன். புகார் வந்த அன்று பன்னிரண்டு நாள் போயிருந்தது. டைரிப் பக்கத்தின் மூலையில் சிறியதாக 78 என்று எழுதினேன். மறுநாள் 77. வேறு எதுவும் எழுதவில்லை.

ஐம்பது சொச்சத்தில் ஒரு நாள் என் மனைவி பார்த்துவிட்டாள். "இது என்ன, ராக்கெட் விடப் போறீங்களா?"

"ஆபீஸ் வேலை."

"ஆபீஸ் வேலைக்கா ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கறீங்க?"

எண் பூஜ்யம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அப்போது காத்துக்கொண்டிருந்தேன். சாட்சி இருக்காது. நானே சொன்னாலும் நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு எண்ணாக இறங்கும்போது கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. இதை எழுத இன்றும் கை கூசுகிறது.

20 தாண்டியதும் அந்த லேசு போய்விட்டது. கவுன்ட்டரில் புதிதாக வந்த பெண் ஒரு நாள், "சார், பழைய அக்கா ரிப்போர்ட்டை வெளிய சொல்லிட்டாங்களாமே, அதனாலதான எங்களுக்கு இப்ப போன்கூட உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு ரூல்?" என்று கேட்டாள். அந்த விதியையும் டாக்டரம்மா சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தான்.

6 என்று எழுதிய நாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பதிவேட்டின் இரண்டு பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். அவர் இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"வேளச்சேரியில ஒரு பல் டாக்டர்கிட்ட இருக்கறதா கேள்வி."

"உங்களைப் போகச் சொன்னா இந்த சிஸ்டத்தைப் பாத்துக்க எனக்கு ஆள் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்ததை எழுதிக் குடுங்க. சட்டப்படி யாருக்குச் சொல்லணுமோ அதை வக்கீலைக் கேட்டு நான் சொல்லிக்கறேன். அந்தப் பொண்ணுக்கு நான் போன் பண்றேன். மத்தது உங்க பாடு."

எழுதிக் கொடுத்தேன். எனக்கு எதுவும் நடக்கவில்லை. அவள் பிள்ளையார் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு போன இடத்தில், நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் வேளச்சேரிக்குப் போனேன். பல் மருத்துவமனை மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடி. அவள் வரவேற்பு மேசையில் இருந்தாள். டாக்டரம்மா போன் பண்ணியிருந்ததால் பாதி தெரிந்திருந்தது. மீதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒருவருக்கு டோக்கன் எழுதிக் கொடுத்தாள்.

"அந்தப் பொட்டை நாந்தான சார் வச்சேன்."

"ஆமா."

"முடிஞ்சுதான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "மேடம் திரும்ப வரச் சொன்னாங்க. நான் வரல. எனக்கு இங்க ஒன்னும் கொறையில்ல சார். எங்கம்மாதான் வூட்லயே குந்திக்கினு கீது. அதுகிட்ட போய் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, எனக்காகக் கத வுடுறியான்னு கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவே மயிலாப்பூர் வருவதாகச் சொன்னார். மார்கழி. குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கோலங்களை மிதிக்காமல் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட புடவை. நான் முதலிலிருந்து சொன்னேன். ஓடிபி என்றால் என்ன என்று ஒரே ஒரு இடத்தில் கேட்டார்.

"இன்னா சார், இம்மாம் படிச்சிக்கினு ஒரு கதவ சாத்த மறந்துட்டியா?"

"மறந்தேன். அப்புறம் ஞாபகம் வந்தும் சாத்தல."

"அத்த வுடு. என் பொண்ணு பொட்டிய தூக்கிக்கினு போவசொல்ல நீ இருந்தியா அங்க?"

"இருந்தேன்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வா, அந்த வூட்ல வந்து சொல்லு" என்று முன்னால் நடந்தார்.

இரண்டாவது மாடி. லிஃப்ட் இருந்தும் அவர் படியில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். எதிரெதிரே இரண்டு கதவுகள். இடது பக்கக் கதவின் மணியை அவரே அழுத்தினார். பெரியவர் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கூடவே அந்த அம்மாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

வாசலில் நின்றே சொன்னேன். லேப்பின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். உங்கள் பெண்ணின் ரிப்போர்ட் வெளியே போனதற்கு நான்தான் காரணம். பூட்டாமல் விட்டேன். அந்தப் பெண்ணும் யாரிடமும் சொல்லவில்லை, இந்த அம்மாவும் சொல்லவில்லை. அன்றே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தேன்.

அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "அப்போ பாத்தது யாரு?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"ஏன்?"

"அவங்களும் எங்ககிட்ட டெஸ்ட் குடுத்தவங்க. அவங்க எப்ப எதைப் பார்த்தாங்கங்கறதும் எங்ககிட்ட இருக்கற தகவல்தான். இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது."

"நன்னாயிருக்கு. எங்காத்து விஷயத்தை ஊரே பாக்கலாம், பாத்தவா பேரை மட்டும் நான் தெரிஞ்சுக்கப்படாதா? பேரைச் சொல்ல மாட்டேள்னா நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது? இவா கேட்டுண்டா, அதனால வந்து சொல்றேள்னுதான் எனக்குத் தோணறது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டைப் பையில், டாக்டரம்மா திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு பக்கமும் மடித்து இருந்தது. எடுத்து நீட்டினால் ஒரு நிமிடத்தில் அந்த அம்மாவின் பெயர் சுத்தமாகிவிடும். எனக்கு முதுகுப் பக்கம் எதிர் வீட்டுக் கதவு இருந்தது. அதற்குள் குக்கர் விசில் அடித்தது. நான் வாசலில் தொங்கிய மாவிலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மன்னிச்சுக்குங்க சார். தப்பு என்னுடையது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன்." என் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். பேச்சு கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மாவைப் பார்த்து, "மாத்திரை இன்னும் மூணு மாசம்தான் இருக்கு" என்றாள். சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று தெரியாதவள்போல.

"வேளைக்குத் துன்னும்மா." பிறகு பெரியவரிடம், "என் எவர்சில்வர் டப்பா ஒன்னு உங்க கிச்சன்ல கீது சாமி. மேல் அலமாரில. அத்த மட்டும் குடுத்துருங்க" என்றார்.

பெண் போய் எடுத்து வந்தாள். கழுவித் துடைத்துத்தான் கொடுத்தாள். பெரியவர் வேலைக்கு வா என்று சொல்லவில்லை. கதவை மட்டும் நாங்கள் படி இறங்கத் தொடங்கும் வரை சாத்தாமல் நின்றார்.

முதல் மாடித் திருப்பத்தில் அந்த அம்மா நின்றார். "யாருன்னு எனக்குத் தெரியும் சார்."

நான் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டேன்.

"பத்து நிமிசம் நின்ன. ஒரு தபாகூட நீ அந்தக் கதவாண்ட திரும்பல. பூச்சி கட்ச்சாலும் திரும்ப மாட்டேன்ற மாரி நின்ன."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொன்னா?" டப்பாவைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். "நாலு வூட்டு விசயத்த எடுத்து நாலு வூட்ல சொல்றவன்னு சொன்னானுங்க. நான் போயி இப்ப வாயத் தொறந்தா அது நெசமாப் பூடும்."

பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. கோபத்தில் என்றும் தோன்றவில்லை. என்னிடம் இனி அவருக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து பதிவேடு அழிந்தது. தொண்ணூறை நூற்றெண்பதாக மாற்ற ஒரு பொத்தான் போதும். நான் மாற்றவில்லை. சட்டைப் பையில் இருந்த இரண்டு பக்கங்களையும், டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அலுவலகத்தில் தாள் நறுக்கும் இயந்திரத்தில் போட்டேன். எதிர் வீட்டாரைக் காப்பாற்றுவதுதான் என் வேலையின் விதி. ஆனால் கடைசிக் கீற்றும் உள்ளே போனபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அது விதியைக் காப்பாற்றியவனின் நிம்மதியா, மாட்டிக்கொள்ளாதவனின் நிம்மதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா இன்னும் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் வேலைக்குப் போகவில்லை.

அன்று டைரியின் மூலையில் எண் எதுவும் எழுதவில்லை. ஆயுத பூஜைப் பக்கத்துக்குத் திரும்பி, "மழை இல்லை" என்பதற்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன். "இரண்டரை மணிக்கு, வேலை முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றேன். முடியவில்லை."